பொய்மௌத்து

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, ஐயா. சீனியும் அளவாகப் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினால் பெயர்களில் பிழை வரும், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். மறுக்காமல் கடதாசி தந்தீர்கள். அதற்கு நன்றி.

என் பெயர் மீராலெவ்வை அபுல் ஹஸன். வயது அறுபத்து மூன்று. எங்கள் கடற்கரைப் பள்ளிவாசலில் இருபத்தேழு வருடமாக மோதினார் வேலை பார்க்கிறேன். ஐந்து நேரமும் தொழுகைக்கு வாங்கு சொல்வது, பள்ளியைக் கூட்டுவது, ஊரில் யாராவது மௌத்தானால், அதாவது இறந்தால், ஒலிபெருக்கியில் அறிவிப்பது எல்லாம் என் பொறுப்பு. உங்கள் வாக்குமூலக் கடதாசியில் 'வேறு பெயர்கள்' என்று ஓர் இடம் விட்டிருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஆட்களுக்குக் காணும் அளவுக்குப் பெயர்கள் இல்லை. தடுக்கி விழுந்தால் ஒரு மீராமுகைதீனின் மேல்தான் விழ வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர். கட்டாருக்குப் போய்ப் பத்தாம் நாள் திரும்பி வந்த றிஷாட், இப்போது மூன்று கடைக்கு முதலாளியாக இருந்தும் 'பத்துநாள்' தான். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை 'தவளை சேர்' என்று சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு விளங்கும். றிஷாட் தன் பெயரைக் கேட்டால் சிரிப்பார். தவளை சேர் கேட்டால் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவார். இரண்டு வகை ஆட்களையும் பள்ளி விறாந்தையில் இருந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மௌத்து அறிவித்தலில் பட்டப்பெயர் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் போனது யார் என்று ஊருக்குத் தெரியாது. மையித்து வீட்டு மகன் அழுதுகொண்டு வருவார். வாப்பாவின் முழுப் பெயரைத் துண்டில் எழுதித் தருவார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "அந்தப் பேரையும் சொல்லிருங்க மோதினார், மறுகா சனத்துக்குத் தெரியாது" என்பார். நானும் சொல்வேன். சுனாமியில் எங்கள் பள்ளி உடைந்த கிழமை, மெயின் வீதிப் பள்ளியில் நின்று மூன்று நாள் பெயர் வாசித்தேன். முந்நூற்றுச் சொச்சம் பெயர், அத்தனையும் பட்டப்பெயரோடு. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அதற்காக எனக்கு ஒருவரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு மௌலவி வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவில், மனிதரைப் பட்டப்பெயரால் அழைப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று பேசினார். எனக்கு உள்ளே சுட்டது. எத்தனை மையித்தை நாயின் பெயரும் பேயின் பெயரும் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். இனிமேல் சொல்வதில்லை என்று நிய்யத்து வைத்தேன்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரை வீதியில் ஆதம்பாவா மௌத்தானார். அந்த வீதியில் ஆதம்பாவா இரண்டு பேர். மௌத்தானவர் தகரம் ஆதம்பாவா. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் ஒரு கூரைத் தகரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவர். மற்றவர், ஊர் 'காக்கா' என்று அண்ணன் முறை சொல்லும் பணிஸ் ஆதம்பாவா. சின்ன வயதில் பந்தயம் கட்டி ஒரே இருப்பில் பதினொரு பணிஸ் தின்றவர். நான் வழக்கம் போல மைக்கை இரண்டு தடவை ஊதிப் பார்த்தேன். "கடற்கரை வீதியைச் சேர்ந்த ஆதம்பாவா அவர்கள் வபாத்தானார்கள்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஊர் பணிஸ் வீட்டுக்கு ஓடியது. அவர் விடியவே அக்கரைப்பற்றில் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தார், போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு. பஸ்ஸுக்குள்ளேயே உயிர் போய்விட்டதாம் என்று யாரோ சொன்னார், உடனே அதற்கு இரண்டு சாட்சியும் கிடைத்தது. அவருடைய மனைவி ஸுஹைறா மயங்கி விழுந்தார். பெண்கள் அவரைத் தூக்கி இருத்தி, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவுக்கு வெள்ளைச் சீலையும் உடுத்திவிட்டார்கள். பதினொரு மணிக்குப் பணிஸ் நடந்து வந்து, தன் வாசலில் கதிரைகள் அடுக்கியிருப்பதைக் கண்டு, "ஆரு மௌத்து?" என்று கேட்டார்.

"நீங்கதான் காக்கா" என்றார் கதிரை இறக்கிக்கொண்டிருந்தவர்.

அந்தச் சிரிப்பு எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை. தகரத்தின் ஜனாஸாவுக்கு இருபது பேர்கூட வரவில்லை, அதை ஒருவரும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை பள்ளிக்கு முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் பணிஸ், "மோதினார் என்னப் பொய்மௌத்தாக்கிப்போட்டார்" என்று சொன்னாராம். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது என் பெயராகிவிட்டது.

பணிஸ் கெட்ட மனிதர் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியில் இருக்கிற என் அறைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு ஊர்க்கதை சொல்வார். ஒரு தடவை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்கு அந்தப் பேரு விருப்பமில்ல காக்கா."

"விருப்பமில்லாட்டித்தான் தம்பி நல்லா ஒட்டும்" என்றார். "பணிஸ் எண்டு கல்முனை பஸ் ஸ்டாண்டில கேட்டுப் பாருங்க, ஊட்டு வாசல்லயே கொண்டாந்து உடுவாங்க. பேரு வெச்சா ஊரு நம்மள மறக்கல்ல எண்டுதான் அர்த்தம்."

அவருக்கு அது சட்டை மாதிரி, போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு அப்படி இல்லை. சுபஹுக்கு என் வாங்கைக் கேட்டு எழும்புகிறவர்களும் "பொய்மௌத்து வாங்கு சொல்லிட்டு" என்றுதான் எழும்புகிறார்கள். கொஞ்சக் காலத்தில் அபுல் ஹஸன் என்று என்னைக் கூப்பிடுவதற்கு என் மனைவி ஹாஜறாவின் உம்மாகூட மிஞ்சவில்லை. ஹாஜறா எப்போதும் "இஞ்சேருங்க" என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே என் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. நான் மௌத்தானால் மைக்கில் என்ன சொல்வார்கள் என்ற யோசனை ஒன்று அந்தக் காலத்தில்தான் வந்தது. வந்தது போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஹாஜறா மௌத்தானாள். நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன், குரல் வரவில்லை. பணிஸ் என் தோளைப் பிடித்து, "நீங்க இரிங்க, நான் சொல்றன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பிறகு ஊர் முழுக்கக் கேட்டது: "நம்மட பொய்மௌத்து மோதினார்ர பெண்சாதி ஹாஜறா வபாத்தாயிட்டாங்க." முதலில் வந்தவை தொலைபேசி அழைப்புகள்தான். இது உண்மையா, இல்லை போன தடவை மாதிரியா என்று கேட்டார்கள். மையித்தைத் தூக்குகிற நேரத்தில்தான் சனம் சேர்ந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முப்பத்தாறு வருடம் என்னோடு இருந்தவளின் பக்கத்தில் இருந்துகொண்டு வெட்கப்பட்டேன். அதை நான் பணிஸுக்கு மன்னிக்கவில்லை.

இனி போன செவ்வாய்க்கிழமை.

பணிஸுக்குச் சீனி வருத்தம். தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவர். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி இறங்கி, வேர்த்து, கை நடுங்கி மயங்கிவிடுவார். இதற்கு முன் இரண்டு தடவை என் அறையில் அப்படி ஆகி, நானே சீனித்தண்ணி கொடுத்து எழுப்பியிருக்கிறேன். ஆகவே செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அவருடைய சட்டை நனைவதைப் பார்த்தவுடன் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஸுஹைறா சோறு இறக்கச் சுணங்கும், அதுவரை இங்கே சாய்ந்துகொள்கிறேன் என்று வந்திருந்தார். தொழ வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வெயில் முகத்தில் அடித்ததால் கதவைச் சாத்தினேன். அவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் சீனித்தண்ணி தாங்க பொய்மௌத்து" என்றார்.

நான் எழும்பினேன். கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கரையும் வரை கலக்கினேன். கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"என்ட பேரு என்ன காக்கா?" என்று கேட்டேன்.

"வெளையாடாதீங்க. தல சுத்துது."

"ஓம், சுத்தும். பேரைச் சொல்லுங்க, தாறன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஐயா, அதை நான் கண்டேன். அவருடைய உதடு அசைந்தது. "மோதினார்" என்றார். பிறகு "பொய்..." என்றார். நான் தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு தடவை கேட்டேன், இன்னும் ஒரு தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவை அவர் என் கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. பிறகு கண் மேலே சொருகியது. அபுல் ஹஸன். அவ்வளவு சின்னப் பெயர். சொல்லியிருந்தால் அந்தக் கணமே கொடுத்திருப்பேன். நான் கொடுக்கவில்லை என்று சொல்வது சரியாகாது. அவர் கேட்கவேண்டிய விதத்தில் கேட்கவில்லை.

சீனித்தண்ணி மிஞ்சியது. வீணாக்கக் கூடாது என்று நானே குடித்தேன்.

ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பத்துக்கு எழும்பிப் போய் மைக்கைப் போட்டேன். இரண்டு தடவை ஊதினேன். "கடற்கரை வீதியைச் சேர்ந்த, பணிஸ் ஆதம்பாவா என்று எல்லோராலும் அழைக்கப்படும் ஆதம்பாவா அவர்கள் வபாத்தானார்கள்" என்று தெளிவாகச் சொன்னேன். பெயர், பட்டப்பெயர், வீதி, எல்லாம் சரி. பதினொரு வருடத்துக்குப் பிறகு மனதுக்கு ஓர் ஓய்வு கிடைத்த மாதிரி இருந்தது.

ஒருவரும் வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பொய்மௌத்து திரும்பியும் பணிஸ மௌத்தாக்கிட்டாரு" என்று ஒருவர் சொன்னதும் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஸுஹைறா உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். போன தடவை வெள்ளைச் சீலை உடுத்தியது போதும் என்று நினைத்துக்கொண்டு அவர் அடுப்படியில் கறியைக் கிண்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. அந்தப் பெண் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு அஸருக்கு வாங்கு சொன்னேன். தொழ வந்த ஜெமீல், ஆட்டோ ஓடுகிறவர், என் அறைக் கதவைத் திறந்து, பணிஸின் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். "மூச்சு இரிக்கி" என்று சத்தம் போட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். நாலு ஐந்துக்கு உயிர் போனதாக டொக்டர் எழுதியிருக்கிறார். அறிவித்தலைக் கேட்டவுடன் ஊர் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அவர் சொன்னாராம். அப்படியானால் வராமல் விட்டது ஊர்தானே. நான் எல்லோரையும் கூப்பிட்டேன்.

நீங்கள் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அறிவித்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று. எழுதித் தருவதாகச் சொன்னேன், எழுதுகிறேன். தெரியும். மைக்கைப் போடப் போகுமுன் நானும் அவருடைய மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது, இளஞ்சூடாக இருந்தது. ஆதம்பாவா காக்காவை நான்தான் கொன்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

தண்டனையைக் குறைக்கும்படி கேட்கவில்லை. ஒரே ஒரு விடயம்தான் கேட்கிறேன். மௌத்தான நேரத்தை நாலு ஐந்து என்று எழுதாதீர்கள், ஐயா. இரண்டு பத்து என்றே எழுதுங்கள். நான் அறிவித்தது இந்தத் தடவையும் பொய்யாகிவிடக் கூடாது.