சூசான் பெயரும் நீர்த்த அமிலமும்

பளிங்கைக் கழுவ சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போதும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பளபளப்பு வருவதாக நினைத்துக்கொண்டு கல்லையே கரைத்துச் சாக்கடையில் விடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள் நான். முட்டை ஓட்டை வைத்தே இதை விளக்கிவிடுவேன். அடர் அமிலத்தில் போட்டால் பொங்கிக்கொண்டு கரையும். நிறையத் தண்ணீர் கலந்துவிட்டால் ஒன்றிரண்டு குமிழி வரும், அவ்வளவுதான். ஆனாலும் கரைந்துகொண்டுதான் இருக்கும். செறிவு குறைந்தால் வேகம் குறையும், வினை நின்றுவிடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நான் ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. எனக்கு ஆத்திரமே வருவதில்லை. பள்ளியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் கணவர் பால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சூசான் அவருடைய முதல் மனைவி. அவள் இறந்து, மகள் மொர்கான் பிரான்சில் குடியேறிய பிறகு, முத்தியால்பேட்டையில் இருந்த என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கண் அழுத்த நோயில் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன். குனிந்து உட்கார்ந்து, பளிங்கில் வெட்டிய பிரெஞ்சு எழுத்துகளை விரலால் தடவி அவள் பெயரைப் படிப்பார். படித்து முடித்ததும் அவளோடு பேச ஆரம்பிப்பார். எல்லாம் பிரெஞ்சில். அந்த மொழியை எனக்கு அவர் கற்றுக்கொடுத்ததில்லை. வீட்டில் என்னிடம் மாத்திரையும் கரண்ட் பில்லும் மட்டுமே பேசுகிற மனிதர், அங்கே வாய்விட்டுச் சிரிப்பார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். பொறாமைதான்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் குடும்பத்தார் வந்து கல்லறையைக் கழுவுவது வழக்கம். நான் வாராவாரம் கழுவினேன். மூத்தாள் கல்லறையை இப்படித் தேய்த்துக் கழுவுகிற இளையாளை எங்கே பார்க்க முடியும் என்று கோயிலுக்கு வரும் பெண்கள் மெச்சினார்கள். என் வாளியில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. அடர்த்தியாக ஊற்றியிருந்தால் நுரைத்துப் புகைந்து அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். எனக்கு அவசரம் இல்லை.

எழுத்துகளின் ஓரம் முதலில் மழுங்கியது.

“சங்கரி, இது தேஞ்சிப் போயிருக்குதே. விரலுக்குச் சிக்க மாட்டேங்குது,” என்றார் ஒரு நாள்.

“நல்லாத்தாங்க இருக்குது. நேத்து வெட்டுன மாதிரி இருக்குது.”

“அப்ப எனக்கு ஏன் தெரியல?”

“சக்கரையில விரலு மரத்துப்போவும்னு டாக்டர் சொன்னாருல்ல.”

அவர் நம்பினார். அதற்குப் பிறகு தம்ளரைத் தொட்டாலும் தம்ளர்தானா என்று என்னைக் கேட்டார். சட்டைப் பொத்தான் போடப் பயந்தார். ஒரு ஞாயிறு கல்லின்மேல் பெயரைத் தேடித் தேடி அழுதுவிட்டார். அன்று பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் மொர்கான். இந்த வருடம் திருநாளுக்கு வருவதாக ஃபோன் செய்தாள்.

“எம் பொண்ணு வந்து படிச்சிச் சொல்லட்டும்,” என்று இவர் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார்.

அவள் என்ன சொல்வாள்? பப்பா, உங்கள் விரல் சரியாகத்தான் இருக்கிறது, எழுத்துதான் தேய்ந்துவிட்டது என்பாள். இவருக்குத் தன் விரல்மேல் மறுபடி நம்பிக்கை வந்துவிடும். ஆழமாக வெட்டிய புதுக் கல் வைப்பார்கள். குடையோடு நான் மறுபடி நிற்க வேண்டும். நான் எங்கே தவறினேன் என்று அப்போதுதான் புரிந்தது. கல்லைப் போய்க் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்லை மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியாது.

அவள் வருவதற்கு முந்தின ஞாயிறு, பள்ளி ஆய்வுக்கூடத்து அடர் அமிலத்தை எடுத்துப்போனேன். மெதுவாகச் செய்ய நேரம் இல்லை. அவரை மர நிழலில் உட்கார வைத்துவிட்டு எழுத்துகளின் மேல் ஊற்றினேன். கல் பொங்கியது.

“என்ன சத்தம்?”

“சோப்புத் தண்ணிங்க. வாங்க, இன்னிக்கி நல்லாத் தெரியும்.”

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

“கையில உறை போட்டிருக்கியா?”

“சோப்பு ஒத்துக்கலைங்க.”

முதல் எழுத்தில் விரலை வைத்ததுமே சுடுகிறது என்றார். வெயிலில் கல் காய்ந்திருக்கிறது என்றேன். என் பேச்சை நம்பி விரலை எடுக்காமல் இருந்தார். பிறகு கத்தினார். நான் பிடியை விடவில்லை. கடைசி எழுத்துவரை அவர் கையை அழுத்திக் கொண்டுபோனேன். இடது கையாலும் படிப்பார் என்பதால் அதையும் பிடித்து வைத்தேன். செறிவைப் பற்றி நான் வகுப்பில் சொல்வது சதைக்கும் பொருந்துகிறது. கைதவறிக் கொட்டிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல் நுனிகளில் இனி உணர்ச்சி வராதாம். நான் அவர் கையை இழுத்துக் காப்பாற்றப் பார்த்தேன் என்றுதான் அவர் டாக்டரிடமும் மகளிடமும் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் திருத்தாமல் இருந்தால் நல்லது, மனசு உடைந்துபோவார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுங்கள், சாப்பாட்டு நேரம் ஆகிறது. இன்றைக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். மொர்கானுக்கு முள் பார்த்து ஊட்டத் தெரியாது, தொண்டையில் குத்திவிடும். இவ்வளவு வலியில் இருக்கிறவருக்கு அதுவும் வேண்டுமா?