பதினேழு, கருப்பு

— அக்கா, விளையாடாதீங்க. பதினேழுன்னு சொல்லிட்டு அப்படியே பேசாம இருந்தா என்ன அர்த்தம்? ஆத்து அளவுப் பலகையே பதினஞ்சு அடிதானே?

— நான் எங்கடி சொன்னேன்? நீ சொன்னதுலதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எதிர் நாட்டுக் கரையில உக்காந்துக்கிட்டு, கிழவிக்குக் காது கேக்குதான்னு சோதிச்சுப் பாக்குறியா?

— நான் வாயே திறக்கல. மணி பன்னெண்டு ஆச்சு, போனை எடுத்தேன், "பதினேழு, கருப்பு"ன்னு வந்துச்சு. எழுதப் போன கை அப்படியே நின்னுடுச்சு.

— எனக்கும் அதேதான் கேட்டுச்சு. நேத்து வரைக்கும் மூணு, தெளிவு. ஒரு பொழுதுல பதினேழு எப்படி ஆகும்? அதுவும் கருப்பு. சரி, எத்தனைன்னு நீ ஒழுங்கா சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே அளவை எழுதிட்டுப் பச்சைக் கொடியை ஏத்துவோம். பாலத்துல லாரி எல்லாம் நிக்குது, எனக்கு இங்கேர்ந்து ஹாரன் சத்தம் காதைப் பிளக்குது.

— நான் எப்படி முதல்ல சொல்றது? எப்பவும் நீங்கதானே சொல்வீங்க, நான் திருப்பிச் சொல்வேன்.

— நல்லா இருக்கே கதை. நீ சொல்வே, நான் திருப்பிச் சொல்வேன். அப்படித்தானே போயிட்டிருக்கு?

— அக்கா...

— என்னடி இழுக்குற? நீ படியிறங்கிப் போய்ப் பலகையைப் பாத்துட்டுத்தானே சொல்றே?

— திட்டாதீங்க. வயித்துல ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து நான் எறங்குறதில்ல. நாப்பத்தெட்டுப் படிக்கா. நீங்கதான் அளந்து சொல்றீங்களே, அதையே திருப்பிச் சொன்னா ஆச்சுன்னு...

— ஆபரேஷன் எப்போ?

— பொண்ணு மூணாவது படிச்சப்போ.

— இப்ப என்ன படிக்கிறா?

— ஒம்பதாவது.

— அடிப்பாவி. ஆறு வருஷமா?

— தப்புதான்க்கா. நீங்களாச்சும் எறங்குறீங்கன்னு ஒரு தைரியம்.

— எங்க எறங்குறது? அதே வருஷம் வந்த வெள்ளத்துல என் கரைப்படி மொத்தமும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஏணி வேணும்னு நாலு தடவை எழுதிப் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது." நீ அளக்குறியே, சின்னவ, காலு கையி நல்லா இருக்குன்னு நானும் விட்டுட்டேன்.

— அப்ப ரெண்டு பேருமே அளக்கலையா?

— அளக்கல.

— அப்ப தினம் முதல்ல சொல்றது யாரு?

— நீன்னுதான் நினைச்சேன். பொம்பளைக் குரல், கொஞ்சம் கரகரன்னு. பழைய லைன், அப்படித்தான் கேக்கும்னு.

— நானும் அதேதான் நினைச்சேன். அக்காவுக்குச் சளி போல, பாவம், வருஷம் முழுக்க விடவே மாட்டேங்குதேன்னு.

— ஏண்டி.

— ம்.

— இப்ப போன்ல மூச்சு விடுறியே, கொஞ்சம் மெதுவா விடு.

— நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்க்கா. நீங்கதான் விடுறீங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். அக்கா, போனை வெச்சிடலாமா?

— வெக்காதே. பகல் பன்னெண்டு மணி, வெயில் மண்டையைப் பொளக்குது, இதுக்கெல்லாம் பயந்தா எப்படி? ஒண்ணு செய். மெதுவா எறங்கிப் போய்ப் பலகையைப் பாரு. நான் ஜன்னல்ல தொங்கியாச்சும் என் பலகையைப் பாக்குறேன். போனைத் தூக்கி மேசை மேல வெச்சிட்டுப் போ.

— போறேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க, கதவு வரைக்கும் கேக்கட்டும்.

— பேசுறேன், போ. போயிட்டியா? ... போயிட்டா. யாரு அது? யாரா இருந்தாலும் இது அரசாங்க லைன், விளையாட்டு வெச்சுக்காதீங்க. ரெண்டு நாட்டு போலீசும் வரும். ... கேக்குதா? ... சொட்டு சொட்டுன்னு என்ன அது, குழாய மூடலையா?

— அக்கா! அக்கா, வந்துட்டேன்.

— மெதுவாடி, மூச்சு வாங்குது உனக்கு.

— மூணு. தெளிவா இருக்கு. அடியில கூழாங்கல்லு தெரியுது.

— எனக்கும் மூணுதான். ஜன்னல் கம்பியில வயிறு மாட்டிக்கிட்டுச்சு, ஆனா பாத்துட்டேன். ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் நிஜமா ஒத்துப்போயிருக்கோம்.

— சிரிக்காதீங்கக்கா.

— சிரிக்கலன்னா எனக்கு அழுகை வரும். சரி, முடிஞ்சுது. மூணு, தெளிவு. எழுது. கொடியை ஏத்து. இன்னிக்கு ஆத்து நடு மணல்ல ரெண்டு நாட்டு மந்திரியும் பந்தல்ல உக்காந்திருக்காங்க. காடு, தண்ணி, லாரி, சந்தை எல்லாத்துக்கும் சேத்து இன்னும் பத்து வருஷத்துக்குக் கையெழுத்து. நம்ம ரெண்டு பேருக்கும் பாராட்டுப் பத்திரம் வேற. ஆறு வருஷமா ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லாம அளந்தவங்களாம். அக்கம்பக்கத்து நாடுக எப்படி ஒத்துமையா இருக்கணும்கிறதுக்கு நாமதான் உதாரணமாம்.

— அந்த மணல்ல நடக்குற சந்தையிலதான் என் பொண்ணும் அவங்க அப்பாவும் பாய்க்கடை போட்டிருக்காங்க.

— தெரியும். அதனாலதான் சொல்றேன், கொடியை ஏத்து. சந்தை நடக்கட்டும்.

— ஒரு நிமிஷம். மூணு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளம் வந்துச்சே, பதிமூணு. அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கு?

— இரு, புரட்டுறேன். ... பதிமூணு, செம்மண்.

— என் நோட்டுலயும் அதேதான். ஆனா அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு நான் மேல்படியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். ஆறு கீழே எங்கேயோ கிடந்துச்சு. பதிமூணுன்னு எழுதிட்டோமேன்னு சிவப்புக் கொடியை ஏத்துனேன். எல்லாரும் திட்டிக்கிட்டே மணலை விட்டு ஏறுனாங்க. தண்ணி வந்தப்போ என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டா. அப்படின்னா மூணு மணிக்கு மேல.

— ஆமாடி. ஆமா. எனக்கும் நினைவு இருக்கு. சாயங்கால லாரி வந்தப்புறம்தான் தண்ணி வந்துச்சு. நம்ம அளவு சரியா வந்துடுச்சேன்னு அப்ப நெஞ்சை நிமித்திக்கிட்டேன், முன்கூட்டியே எப்படி வந்துச்சுன்னு யோசிக்கல.

— அந்தக் குரல் நம்ம ஆத்தைச் சொல்லலைக்கா. நமக்கு மேல எங்கேயோ தண்ணி எவ்வளவு இருக்கோ அதைச் சொல்லுது. மூணு மணி நேரம் கழிச்சு அதே தண்ணி இங்க வருது.

— மேலன்னா... ஆத்து மேல்பக்கத்து நாட்டுக்காரங்க ஸ்டேஷன்.

— இந்த லைனுக்கு மூணு முனை இருந்துச்சுல்ல? மேல் நிலையம், நீங்க, நான்.

— இருந்துச்சு. அவங்க ஒப்பந்தத்தை விட்டுப் போனதும் மூடியாச்சுன்னு கடுதாசி வந்துச்சே. சுரங்கத்துக் கழிவுக் குட்டை பலமா இருக்கான்னு நாங்க வந்து பாக்குறோம்னு நம்ம ரெண்டு நாடும் கேட்டதுக்கு, என் வீட்டு அடுப்படிக்குள்ள நீ யாரு நுழையன்னு கோவிச்சுக்கிட்டுப் போனாங்களே. ஆறு வருஷம் ஆச்சு.

— கழிவுக் குட்டை. கருப்பு. அக்கா, குட்டை உடைஞ்சிருக்கு.

— அவசரப்படாதே.

— பதினேழு அடி கருப்புத் தண்ணி வருதுக்கா. மணல்ல எண்ணூறு பேரு நிக்கிறாங்க. நீங்களும் சிவப்பு ஏத்துங்க, நானும் ஏத்துறேன்.

— ஏத்திட்டு? ஆபீஸ்லேர்ந்து கேப்பான், எத்தனை அடின்னு. மூணும்பே. மூணடிக்கு ஏண்டி சிவப்பும்பான். போன்ல ஒரு குரல் சொல்லுச்சும்பியா? மந்திரி முன்னாடி? நோட்டைக் கொண்டா, பலகையைக் காட்டு, படியைக் காட்டுன்னு வருவான். ஆறு வருஷமா ரெண்டு நாட்டையும் ஏமாத்துன பொம்பளைங்கன்னு நம்மளை மட்டுமா சொல்வான்? இதை நம்பியா பாலம் போட்டோம்னு கையெழுத்துப் போடாம எழுந்து போயிடுவாங்க. பாலம் மூடும். சந்தை போகும். அப்புறம் உன் பொண்ணு பாயை யாருக்கு விப்பா?

— பாய் விக்க அவ உயிரோட இருக்கணும்ல?

— எனக்கு இந்த ரூமை விட்டா வேற இடம் கிடையாதுடி. புருஷன் இல்ல, புள்ள இல்ல. இந்த மேசை, இந்த போன், இந்தச் சன்னல். என்னை எறக்கி விட்டா எங்க போய் நிப்பேன்?

— என் வீட்டுக்கு வாங்க.

— எல்லையைத் தாண்டியா? சும்மா பேசாதே.

— அக்கா, நான் ஒருத்தி மட்டும் சிவப்பு ஏத்துனா காவல்காரன் அசைய மாட்டான். ரெண்டு கரையும் சிவப்பா இருந்தாத்தான் மணலைக் காலி பண்ணுவாங்க, அதுதான் சட்டம். எனக்கு உங்க கை வேணும். இத்தனை வருஷம் என் முகத்தைக்கூட நீங்க பாத்ததில்ல, சரி. ஆனா பிரசவத்தப்போ பயத்துல போன்ல அழுதேனே, ராத்திரி ஆகுற வரைக்கும் லைனை வெக்காம இருந்தது நீங்கதானே?

— அந்தப் பொண்ணு என்ன கலர் சட்டை போட்டிருக்கா?

— ஊதா. எதுக்குக் கேக்குறீங்க?

— ஜன்னல்லேர்ந்து மணல் தெரியுது. ஊதாச் சட்டைக்காரி ஏறுற வரைக்கும் பாக்கணும்ல? கொடிக் கயிறு எங்க போச்சு, சனியன்... இருடி, ஏத்துறேன்.

— ஏத்துங்க, ஏத்துங்க! நானும் இழுக்குறேன்.

— ஏறிடுச்சு. உன்னோடதும் தெரியுது. ஊதுறான், காவல்காரன் விசில் ஊதுறான். நகர மாட்டேங்குறாங்களே! ஒருத்தன் கையை ஆட்டி வெளையாட்டுன்னு சிரிக்கிறான்.

— பந்தலைப் பாருங்க, பந்தலை. மந்திரி எழுந்தா எல்லாரும் எழுந்துடுவாங்க.

— எழுந்துட்டாரு. உங்காளு. எங்காளும் எழுந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒரே படியில முட்டிக்கிட்டு ஏறுறாங்க. ஏறுதுடி, ஜனம் ஏறுது. பாயெல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியாறாங்க.

— ஊதா?

— இரு. ... இரு. ... ஒரு ஆளு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உன் கரைப்பக்கம் ஏறுறா. ஊதா. ஏறிட்டா.

— அக்கா...

— அழாதே. இன்னும் பாதிச் சந்தை மணல்லதான் நிக்குது. காவல்காரன் அடிச்சு விரட்டுறான். இங்க என் கதவைத் தட்டுறாங்க. நோட்டு கேக்க வந்துட்டான்.

— குடுத்துடுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. நானும் சொல்லிடுறேன். ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்வோம்.

— தட்டட்டும். இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும். மணல் காலியாகுற வரைக்கும் நான் இந்தச் சன்னலை விட மாட்டேன்.

— இன்னுமா தட்டுறான்? மணி என்ன?

— ஒண்ணேமுக்கால். பதிமூணடிக்கு மூணு மணி நேரம் ஆச்சு. பதினேழடி அதுக்கு முன்னாடியே வரும். மணல் காலி. ஒரு நாய்கூட இல்ல. ஏண்டி, பறவை எல்லாம் எங்க போச்சு?

— நானும் இப்பத்தான் கவனிச்சேன். ஆத்துல ஒரு கொக்குகூட இல்ல. அக்கா, ஒரு நாத்தம் அடிக்குதே, இரும்பு துருப்பிடிச்ச மாதிரி.

— அதோ! வளைவுல! ஐயோ, மலை நகர்ந்து வர்ற மாதிரி வருதுடி. கருப்பா. பந்தல் போச்சு. கடையெல்லாம் போச்சு. உன் பலகை போச்சு. என்னோடதும் போச்சு.

— யாரும் மாட்டலையே?

— யாருமில்ல. ஒருத்தர் இல்ல. ரெண்டு கரையிலயும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. கதவைத் தட்டுனவனும் நிறுத்திட்டான்.

— அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்க்கா. ஹலோ? மேல் நிலையம்? லைன்ல இருக்கீங்களா?

— மேல் நிலையம்.

— அக்கா, அதே குரல்.

— நீ பேசுடி.

— நாங்க கீழ் நிலையம் ரெண்டு பேரும் பேசுறோம்மா. நீங்க சொன்னதாலதான் எண்ணூறு பேரு மேட்டுல நிக்கிறாங்க. என் பொண்ணு நிக்கிறா.

— பதினெட்டு. கருப்பு. திருப்பிச் சொல்லுங்க.

— பதினெட்டு, கருப்பு.

— பதினெட்டு, கருப்பு. ஏம்மா, உங்க ஸ்டேஷனை மூடியாச்சேம்மா. உங்க நாடு ஒப்பந்தத்துலேயே இல்லையே.

— எனக்கு யாரும் சொல்லலையே. எறங்கலாம்னு உத்தரவு வரல. வராம நான் எப்படி எறங்குறது?

— யாருமே வந்து பாக்கலையா?

— ஆறு வருஷத்துக்கு முந்தி வந்த வெள்ளத்துக்கு அப்புறம் படகுல வந்தாங்க. கூப்பிட்டேன். கழியால குத்திப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

— பாவி மனுஷங்க. சரி, அதெல்லாம் அப்புறம் பேசலாம். நாங்க ரெண்டு பேரும் சொல்றோம், அதையே உத்தரவா வெச்சுக்குங்க. இப்பவே மேட்டுக்கு ஓடுங்கம்மா. உங்க காலுக்குக் கீழ எத்தனை அடியில இருக்கு தண்ணி?

— காலுக்குக் கீழயா? ஆறு வருஷமா நீங்க என்னத்தை எழுதிக்கிட்டீங்க தங்கச்சி? நான் தினமும் சொன்னது, என் தலைக்கு மேல எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு.