ஒப்பீட்டுக் கிணறு

எங்கே போனாலும் குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவது என் பழக்கம். அலுவலகமானாலும் சரி, அக்கா வீடானாலும் சரி, தோளில் ஒரு பை, பையில் ஒரு பாட்டில். அக்கா இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "வந்துட்டாருப்பா தொரை, சொந்தத் தண்ணியோட. நம்ம வீட்டுத் தண்ணி இவரு தொண்டையில எறங்காது" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

விசாரணை அதிகாரியான நீங்கள் கொடுத்த தாளில் இருபத்து மூன்று கேள்விகள் இருக்கின்றன. சுற்றிச் சுற்றி எல்லாமே ஒன்றைத்தான் கேட்கின்றன: அளவுகளைத் திருத்தினாயா? கேள்வி தயாரித்தவருக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நான் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. எண்ணைத் திருத்துவது சோம்பேறிகள் செய்கிற வேலை.

மழைக்கோட்டுத் துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு பூசுவார்கள். அதிலிருக்கும் ரசாயனம் வெயிலில் சிதையாது, மண்ணில் மக்காது, காய்ச்சினாலும் போகாது. உடம்புக்குள் போனால் வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். அந்தத் துணியைச் செய்யும் ஆலையைச் சுற்றியுள்ள நாற்பத்திரண்டு கிணறுகளில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து அறிக்கை கொடுப்பது என் பொறுப்பு.

இதில் நான் எவ்வளவு சுத்தம் பார்த்தேன் என்பதை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நாங்கள் தேடுவது பெரிய ஏரியில் விழுந்த சில சொட்டுகளை. தண்ணீர் மாதிரி எடுப்பவனின் புதுச் சட்டையிலிருந்து அந்த ரசாயனம் துளி ஒட்டினாலும் போச்சு. அதனால் பலமுறை துவைத்த பழைய பருத்திச் சட்டைதான் போடுவேன். முகத்துக்கு கிரீம் கிடையாது. மழை பெய்தாலும் மழைக்கோட்டு கிடையாது. ஆபீஸில் எனக்குக் 'கிழிசல்' என்று பெயர். மழையில் நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, கையில் காசில்லை போலிருக்கிறது என்று நினைத்து அக்கா ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தாள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. தலை வாரிவிட்டு ஆளாக்கியது அவள்தான். அந்தக் கோட்டை நான் ஒருநாளும் போட்டதில்லை. மாதிரி கெட்டுவிடும்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். ஆலைப் பக்கத்துக் கிணறுகளை மட்டும் அளந்தால் ஒன்றும் தெரியாது. ஆலையின் காற்றுக்கூடப் படாத ஒரு கிணற்றையும் அளந்து, அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டுக் கிணறு என்று பெயர். அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். நான் அக்கா வீட்டுக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆலையிலிருந்து பதினொரு கிலோமீட்டர், மேட்டு நிலம், நடுவில் ஒரு மலை. வரைபடத்தில் அதைவிட யோக்கியமான கிணறு இல்லை.

முதல் முடிவு வந்தது. ஆலைச் சுவரை ஒட்டிய கிணற்றில் இருந்ததைவிட அக்கா கிணற்றில் அதிகம் இருந்தது.

காரணம் புரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. பதினெட்டு வருடம் முன்பு நான் அந்த ஆலையின் ஆய்வகத்தில்தான் இருந்தேன். ஆலையின் கழிவுச் சேற்றை உலர்த்தி இலவச உரமாகக் கொடுக்கலாம், ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். முதல் லாரியை அக்கா கிணற்றை ஒட்டிய அத்தானின் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தவனும் நான். "மச்சான் புண்ணியத்துல தக்காளி தளதளன்னு காய்க்குது" என்று அத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் லாரி போனது.

முறைப்படி அந்தக் கிணற்றைத் தள்ளிவிட்டு வேறு கிணறு பார்த்திருக்க வேண்டும். தள்ளினால் ஏன் என்பார்கள். சேறு என்றால், யார் அனுமதித்தது என்பார்கள். நான் தள்ளவில்லை. அந்தக் கிணற்றோடு வைத்துப் பார்த்தபோது நாற்பத்திரண்டு கிணறுகளும் சுத்தமாகத் தெரிந்தன. "ஆலைப் பகுதிக் கிணறுகளில் உள்ள அளவு, பாதிப்பில்லாத பகுதியின் அளவை மிஞ்சவில்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

மேற்பார்வைக் குழுவில் ஒன்பது பேர். தலைவர் அறிக்கையைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"அப்ப பிரச்சனை ஒண்ணும் இல்லைல்ல?"

"அறிக்கையில போட்டிருக்கு சார்."

"போட்டிருந்தா சரி. டீ வந்துருச்சா பாருங்க."

எந்தக் கிணற்றோடு ஒப்பிட்டாய், அங்கே எவ்வளவு இருந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். பின்னிணைப்பில், அறுபத்து நான்காம் பக்கத்தில், எண் அச்சாகியே இருந்தது. நாலு வருடம் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. படித்தவர்கள் என்கிறார்கள்.

நாலு வருடத்தில் பதினாறு முறை அக்கா வீட்டில் மாதிரி எடுத்தேன். படுக்கையில் விழும்வரை மோட்டார் சுவிட்சை அவளே போடுவாள்.

"ஏண்டா, எங்க கிணறு பாஸா ஃபெயிலா?"

"உன் கிணத்தை வச்சுத்தான்க்கா மத்த கிணத்துக்கெல்லாம் மார்க் போடறோம்."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் குடிக்க அங்கேதான் குடத்தோடு வந்தார்கள்.

சமையலறையில் நல்ல வடிகட்டி ஒன்றைப் பொருத்தலாமா என்று யோசித்தேன். பொருத்தினால் எதற்கு என்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். அந்த ஒன்பது பேருக்குப் பதில் குழுவில் அக்கா ஒருத்தி இருந்திருந்தால் முதல் வருடமே நான் அகப்பட்டிருப்பேன்.

மூன்றாம் வருடக் கடைசியில் அவளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். அக்கா சொன்னதைக் கேட்கிறவள். ஆஸ்பத்திரித் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது, நம்ம கிணத்துத் தண்ணி கொண்டாடா என்றாள். தினமும் ஒரு கேன் நிரப்பிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். படுத்திருப்பவள் ஆசையாகக் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. நான் ஊற்றிய தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயாவது என்னைப் பாத்துக்கறியே" என்றாள். பதினோராம் வாரம் போய்விட்டாள். அந்த வீட்டு வாசலில் நின்று நான் அழுததை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

எட்டு மாதம் கழித்து அக்கா மகள் என்னை வரச்சொன்னாள். அந்த வீட்டில் இப்போது அவளும் அவளுடைய இரண்டு வயதுப் பெண்குழந்தையும்தான். சாப்பாட்டு மேஜையில் என் அறிக்கை இருந்தது, அறுபத்து நான்காம் பக்கம் திறந்தபடி. 'பாதிப்பில்லாத கிணறு' என்று படம் போட்டிருந்தோம். படத்தின் ஓரத்தில் ஒரு நீல வாளி, பிடி உடைந்து கயிறு கட்டியது.

"அம்மாவோட வாளி தானே மாமா இது?"

"ஆமாம்."

"பக்கத்துல இருக்கற நம்பர்தான் எல்லாத்தையும்விடப் பெருசா இருக்கு. நான் சரியாத்தானே படிக்கறேன்?"

சரியாகத்தான் படித்தாள். ஒன்பது பேர் செய்யாததை, பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்காத பெண் ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டாள்.

"பாப்பாவுக்கும் இதைத்தானே காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தேன்" என்றாள். கத்தவில்லை. அக்காவாக இருந்தால் கத்தியிருப்பாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: கிணறு கெட்டது என்று எனக்குத் தெரியும். கெடுத்தவன் நான் என்றும் தெரியும். தெரிந்தே நாலு வருடம் அக்காவையும் அவள் தெருவையும், ஆலையைச் சுற்றி நாற்பத்திரண்டு கிணறுகளில் குடித்தவர்களையும் குடிக்க விட்டேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அளவு ஓர் உயிரை எடுக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. நம்பியிருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா மகளிடமும் அன்று இதைத்தான் சொன்னேன்.

அவள் மேஜைமேல் இருந்த என் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"காலியா இருக்கு மாமா. திரும்பிப் போறதுக்கு நம்ம கிணத்துல ரொப்பித் தரட்டுமா?"

வேண்டாம், வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.