கழிமுகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

வெளியில் உட்கார்ந்து படம் வரையப் போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது, தம்பி. கண் சொக்கும். அன்றைக்கு நான் டீ மட்டும் குடித்தேன். என் நாத்தனார் வழக்கம்போல் நன்றாகச் சாப்பிட்டாள்.

என் முறை ரொம்ப எளிது. எதிரில் இருப்பதை வரைவேன், இல்லாததைச் சேர்க்க மாட்டேன். இயற்கைக்கு என் யோசனை தேவையில்லை. ஆனால் ஆற்றையும் வானத்தையும் மட்டும் வரைந்தால் எது எவ்வளவு பெரிது என்று தெரியாது. அதனால் தூரத்தில் ஓர் ஆளை நிறுத்துவேன். நாத்தனார்தான் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு நிற்பாள். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள். படத்தில் ஒரு பொட்டு அளவுதான் இருப்பாள்.

போன கண்காட்சியில் படம் வாங்க வந்த ஒருவர் அந்தப் பொட்டை விரலால் மறைத்துப் பார்த்தார். "இதை மறைச்சா படமே செத்துப்போகுதும்மா" என்றார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துப் படத்தில் தன்மேல் விரலை வைத்து மறைத்துக் காட்டுவாள்.

"அண்ணி, நான் நிக்கலைன்னா உங்க படத்துல வெறும் தண்ணிதான். அதைக் குழாயைத் திறந்தே பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நான் கோபப்படவில்லை. மறைத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கழிமுகத்தில் கடல் உள்வாங்கும்போது நடுவில் ஒரு மணல்திட்டு தெரியும். படகில் கொண்டுபோய் அவளை அதில் இறக்கிவிட்டேன். தனக்கு நீச்சல் தெரியாது, சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றாள். நீ அசையாமல் நின்றால் போதும் என்றேன். கரைக்குத் திரும்பிப் படகைக் கட்டினேன். உட்கார்ந்து பார்த்தால், அது காட்சியை அடைத்துக்கொண்டு நின்றது. அவிழ்த்து ஓட்டத்தோடு விட்டுவிட்டேன்.

தண்ணீர் ஏற ஆரம்பித்தது. வானம் முழுக்கச் சாம்பல், வரைவதற்கு அருமையான வெளிச்சம். முழங்கால்வரை நனைந்ததும் புடவையின் சிவப்பு கறுத்தது. அதற்குத் தனியாக வண்ணம் குழைத்தேன். இடுப்புக்கு வந்தபோது கூப்பிட்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அண்ணி, போதும். இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்."

ஆக, அவளுக்குப் புரிந்துவிட்டது. புத்திசாலிதான். கையை வேறு ஆட்டினாள். அசையாதே என்று சொல்லித்தானே விட்டிருந்தேன்.

ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தினேன். நாங்கள் அளவு பார்ப்பது அப்படித்தான். விரலுக்குப் பின்னால் அவள் இருந்தாள். கை கடுக்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன். எடுத்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது.

படம் சாகவில்லை, தம்பி. நீங்களே பாருங்கள், ஆளே இல்லாமல் எவ்வளவு உயிரோடு இருக்கிறது.

நடுவில் இருக்கிற அந்தச் சிவப்பா? அது வெயில். தண்ணீரில் விழுந்த வெயில். வானம் முழுக்க மேகம் மூடியிருக்கிறதே என்று கேட்கிறீர்கள். இல்லாததை நான் சேர்க்க மாட்டேன் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.