நாங்கள் ஆடாத நடனம்

ஈரி ஏரியின் மீன்களுக்கெல்லாம் இடைவிடாத இன்னல் தந்துவரும் மீன்பிடிப்போர் சங்கத்தின் தலைவி திருமதி டோலோரஸ் கிம்மல் அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தை அன்போடு நோக்கிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! உறைந்த ஏரியில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் தேய்ந்த மூத்தோர்களே! காலை முதல் மீன் பொரித்துக் களைத்த கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! மீன் தீர்ந்துபோன செய்தி தெரிந்தும் எழுந்து போகாத பெருந்தகைகளே! நகரப் பேருந்து ஓட்டுநர் வெண்டல் நோவிக்கியின் மாலை வணக்கம்.

எனக்கும் என் கணவர் கிளைட் ஹாரிகனுக்கும் 'இவ்வாண்டின் எழில்மிகு இணையர்' என்று பட்டயம் தருகிறீர்கள். எதனால்? பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் 'புதுமனை' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எங்களைப் பார்த்தீர்கள். பளிங்குக் குளியலறையில், வயலின் இசை வழிந்தோட, ஆண்கள் நாங்கள் இருவரும் கட்டியணைத்து மெல்ல ஆடினோம். கண்டீர்கள், கலங்கினீர்கள், கைக்குட்டை தேடினீர்கள்.

கைதட்டாதீர்கள், ஐயா. அது நடனமே அல்ல.

கிளைட் காகித ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். ஓய்ந்த ஆண்டே நடுக்குவாதம் வந்தது. கை நடுங்கியது, கால் தடுமாறியது, ஒரு காலையில் குளியல் தொட்டிக்குள் ஏறும்போது சறுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. ஆனால் அன்று முதல் எங்கள் குளியலறைக் கதவு சாத்தப்படவில்லை. அவர் உள்ளே, நான் வாசலில். அவர் கேட்டது என்ன? அரண்மனையா? அந்தப்புரமா? தட்டையான தரையும், சுவரில் கைப்பிடியும், சாத்திக்கொள்ள ஒரு கதவும்.

அவருடைய தாயார் பெர்னடெட் அம்மாள் இதை எழுதித் தொலைக்காட்சிக்கு அனுப்பினார். வந்தார்கள். ஷெல்பி என்ற தயாரிப்பாளர், இளம்பெண், எங்கள் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“இங்க அலங்காரமெல்லாம் பண்றது உங்கள்ல யாரு?”

கிளைட் என்னைப் பார்த்தார். நான் கிளைடைப் பார்த்தேன். எங்கள் பின்னால் இரண்டு பழுப்புச் சாய்வு நாற்காலிகள் இருந்தன. சுவரில் பாடம் செய்த மீன் ஒன்று வாய் திறந்து இருந்தது.

“அந்த மீன், சும்மா ஒரு கிண்டலுக்குத்தானே மாட்டியிருக்கீங்க?”

“இல்லம்மா. பிடிச்சோம், மாட்டினோம்.”

ஷெல்பியின் முகத்தில் பரிவு படர்ந்தது. “கவலப்படாதீங்க. உங்களுக்குள்ள இருக்குற ரசனைய நாங்க வெளிய கொண்டுவர்றோம்.”

அடுத்து பெர்னடெட் அம்மாளை விளக்கின் முன் உட்கார வைத்தார்கள்.

“பையன் தனக்கு ஆம்பளங்களத்தான் பிடிக்கும்னு உண்மையச் சொன்ன அன்னிக்கு வீட்டை விட்டுத் துரத்திட்டீங்களா?”

“துரத்தறதா? குப்பையக் கொண்டுபோய் வெளிய வைடான்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் நேரத்துக்கு வைக்கிறதில்ல.”

“கொஞ்சமாவது அழுதிருப்பீங்களே?”

“அன்னிக்கு வெங்காயம் வெட்டினேனா என்னன்னு ஞாபகம் இல்லியே, கண்ணு.”

இது ஒளிபரப்பாகவில்லை.

என்னிடம் பளிங்குத் துண்டு ஒன்றைக் கொடுத்து, கண்டதும் மூச்சடைத்து வியக்கச் சொன்னார்கள். மூச்சடைத்தேன். போதவில்லையாம். பேருந்துக்கு முன்னால் லாரி குறுக்கே பாய்ந்ததாக நினைத்துக்கொண்டேன். பிரமாதம் என்றார்கள். அதுதான் ஒளிபரப்பில் வந்தது.

என்ன அம்மா, சிரிக்கிறீர்களா? ஆமாம், கிளைடும் அப்படித்தான் சிரித்தார்.

பிறகு திறப்பு நாள். கண்கட்டை அவிழ்த்தார்கள். சமையலறையில் ஒயின் அடுக்கு. நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. கூடத்துச் சுவரெங்கும் வாழையிலை ஓவியம். குளியலறையில் பளிங்கு மின்னியது. நடுவில் சிங்கக் கால்களின் மேல் உயர்ந்து நின்றது ஒரு வெள்ளைத் தொட்டி. பழைய தொட்டியைவிட உயரம்.

கிளைட் அதை நெடுநேரம் பார்த்தார்.

“எதப் பிடிச்சிக்கிட்டு ஏறுறது?”

“கட்! கிளைட், ‘ஆஹா’ன்னு சொல்லுங்க.”

“ஆஹா. எதப் பிடிச்சிக்கிட்டு ஏறுறது?”

ஷெல்பி என்னைத் தனியே அழைத்தார். “வெண்டல், கைப்பிடி வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும். நோயாளி வீடு போன வாரமே போட்டாச்சு. இது உங்க வாரம். சந்தோஷமான வாரம்.”

கேட்டீர்களா, பெருமக்களே! நோய்க்கு ஒரு வாரமாம், எங்களுக்கு ஒரு வாரமாம்! ஆணைக் காதலிக்கும் ஆணுக்கு மூட்டு வலிக்காதா? முதுகு பிடிக்காதா? முதுமை வராதா? சிரிக்க மட்டும்தான் எங்களை அழைப்பீர்கள் என்றால், சறுக்கி விழும்போது நாங்கள் யார் வீட்டு மனிதர்கள்?

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. கிளைட்தான் செயலில் இறங்கினார். கழிவறை இருக்கையின் மூடியைச் சாத்தி, அதன் மேல் அமர்ந்தார்.

“கைப்பிடி வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

வாசலில் நின்று கையசைக்கும் கடைசிக் காட்சி பாக்கி. விளக்குகள் காத்திருந்தன, கேமராக்கள் காத்திருந்தன. பெர்னடெட் அம்மாள் மகனுக்கு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தார். “பளிங்குல சிந்தாம சாப்பிடுடா” என்றார்.

கடைசியில் ஷெல்பி தொட்டியோரம் தரையில் உட்கார்ந்தார். “உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா, கிளைட்?”

“கதவச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவன் என்கிட்ட ஒண்ணும் ஒளிச்சதில்ல. ஆனா நான் உள்ள இருக்கும்போது வாசல்ல நின்னு அழறத மட்டும் ஒளிக்கிறான்.”

எனக்கு அன்றுவரை தெரியாது, அவருக்குத் தெரியும் என்று.

ஷெல்பி எழுந்தார். “தொட்டிய எடுத்துட்டுக் கைப்பிடி போட்டுத் தர்றோம். ஆனா டிவில வராது. அது என் கையில இல்ல.”

“வேணாம். சுவத்துல வந்தாப் போதும்.”

“வெண்டல், தூக்குடா” என்றார் கிளைட். அக்குளில் கைகொடுத்து எழுப்பினேன். கால்கள் தரையோடு உறைந்துவிட்டன. அந்த நோய் அப்படித்தான், மனம் நடக்கச் சொல்லும், பாதம் கேட்காது. அப்போது உடலை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக் கொடுத்தால் கால் விடுபடும். அணைத்துக்கொண்டு அசைத்தேன். இடம், வலம். இடம், வலம். பாதம் நகர்ந்தது.

ஒரு கேமரா அணைக்கப்படவில்லை. வயலினைப் பிறகு சேர்த்தார்கள்.

இதுதான் நீங்கள் கண்ட நடனம். ஏமாற்றமா? எங்களை அழகாகக் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அன்பைக் காட்டினார்கள், அந்த அன்பு செய்த வேலையை வெட்டி எறிந்தார்கள். நாங்கள் கேட்பது புகழ்மாலையா? இல்லை! பொன்னாடையா? இல்லை! எங்கள் வீட்டைக் காட்டினால் வீட்டைக் காட்டுங்கள். மீனோடு காட்டுங்கள், மருந்தோடு காட்டுங்கள், மாமியாரோடு காட்டுங்கள், நடுங்கும் கையோடும் அதைப் பிடித்திருக்கும் கையோடும் சேர்த்துக் காட்டுங்கள்!

இன்று காலை கிளைட் குளிக்கப் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் காபி குடித்தேன்.

நன்றி சொல்லி முடிக்கிறேன். பட்டயத்தை மேடையில் வைத்துத் தருவதாகத் திட்டம். ஆனால் தலைவி அவர்களே, உங்கள் மேடைப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. அதனால்தான் என் கணவர் கீழே முதல் வரிசையில் இருக்கிறார். நான் இறங்கிப் போகிறேன். பட்டயத்தோடு நீங்களும் இறங்கி வாருங்கள். மெதுவாக, பார்த்து. என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அனைவருக்கும் வணக்கம்.