ஓர் இருமலில் அணைந்த உலை

உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமலே, சூரியனையும் வெட்கப்பட வைக்கும் ஓர் உலையை அணைத்தவன் நான். ஊதக்கூட இல்லை. இருமினேன், அவ்வளவுதான்.

சிரிப்பீர்கள். என் தங்கையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஓய்வு பெறும்வரை எரிவாயுக் குழாய் நிறுவனத்தில் எனக்கு ஒரே வேலை: எந்தத் தொழிற்சாலையை நம்பி வாயு அனுப்பலாம் என்று முடிவு செய்வது. நம்பகமான வாடிக்கையாளருக்கு முன்பணம் வேண்டாம். 'நியாயமான சந்தேகம்' எழுந்தால் மூன்று மாதக் கட்டணத்துக்கு வங்கி உத்தரவாதம் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் வால்வை மூடிவிடுவோம். யாருடைய சந்தேகம் என்று விதி சொல்லவில்லை. ஆகவே என்னுடையது. நான் சந்தேகப்பட்ட ஒரு கம்பெனிகூடப் பிழைத்ததில்லை. என் கணிப்பு அப்படி. எமனே என்னிடம் யோசனை கேட்டிருக்கலாம்.

தங்கை புருஷன் எங்கள் வாயுவில் உலை எரித்துக் கண்ணாடிப் பாட்டில் செய்தான். பில் வந்த மறுநாளே கட்டிவிடுவான். அதிலும் ஓர் அலட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மச்சான், வாயு நிலத்துலேருந்து வருது, குழாய்ல போகுது. நடுவுல உங்களுக்கு என்ன வேலை?" தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை எனக்கு நியாயமான சந்தேகம் எழுந்தது.

உத்தரவாதம் கேட்டேன். அவன் வங்கிக்கு ஓடினான். மேனேஜர் எனக்குப் போன் போட்டு, "நல்ல பார்ட்டியாச்சே சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார். சொந்தக்காரனைப் பற்றி நானே பேசுவது முறையா? இருமினேன். நீளமாக, வருத்தத்தோடு. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது, சொந்தமாக மூளை இல்லாதவர்களுக்கு இருமல் சட்டென்று புரியும்.

உத்தரவாதம் வரவில்லை. வால்வை மூடினோம். கண்ணாடி உலை அணையவே கூடாதது. அணைந்தால் உள்ளே உருகியதெல்லாம் பாறையாக இறுகிவிடும், உலையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அவன் அதைத் தடவிக்கொண்டே நின்றானாம். அப்படியே சரிந்தானாம். இதயம் என்றார்கள். பலவீனமான வாடிக்கையாளர் என்று நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

தங்கையை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். கல்நெஞ்சக்காரன் இல்லை நான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள்: "எங்க அண்ணனா? ஒரு கொசுவைக்கூட அடிக்கத் தெரியாது. மேலிடத்துல மூடச் சொல்லியிருப்பாங்க, பாவம்." பாவமாம். ஒரு மனிதன் எத்தனை வருடம் பொறுப்பான்?

நேற்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இருமலைப் பற்றிச் சொன்னேன். இருமியும் காட்டினேன்.

"சும்மா இருண்ணா. எப்பப் பாரு பெருமை" என்றவள், சட்டையைப் பாதி மடித்தபடி நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு பேங்க்ல அவர் பக்கத்துல நானும் உக்காந்திருந்தேன். மேனேஜர் போனை வச்சிட்டு, 'உங்க அண்ணனுக்கு இருமலே நிக்கல'ன்னார். சாயங்காலம் உனக்கு இருமல் மருந்து வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா, உன் வீட்டுக்காரர் கம்பெனி பாட்டில். மூடியைக்கூடத் திறக்கல நான்."

பாதி மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள் பார்வையில் கேலி இல்லை.

"ஆமா" என்றாள். "நீதான் செஞ்சிருக்க."