குமிழியைக் கழித்துப் பன்னிரண்டு

துளி என்பது ஓர் அளவே அல்ல. இதை மட்டும் நீங்கள் முதலிலேயே ஒத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் சுலபமாகப் போய்விடும். கிளிசரின் துளி கொழுத்தது, சோம்பேறி. விழலாமா வேண்டாமா என்று முனையில் தொங்கிக்கொண்டே யோசிக்கும். வாசனைச் சாற்றின் துளி ஒல்லி. கேட்பதற்கு முன்பே விழுந்துவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் எண்ணி, இருபது துளி ஒரு மில்லி என்று சொல்கிறவர்கள் வேப் ஜூஸ் கலக்கக் கூடாது. சூப் வைக்கப் போகலாம்.

என் கணவன் டெஸ்மண்ட் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தான். சிகரெட்டை விட்டுவிட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறிய புதிதில், கடையில் வாங்கும் ஜூஸ் தண்ணீர் மாதிரி இருக்கிறது, நானே கலக்கிக்கொள்கிறேன் என்று சாமான்களை வாங்கி வந்தான். புதினாச் சாறு புள்ளி மூன்று மில்லி விட வேண்டிய இடத்தில், புள்ளி கண்ணில் படாமல் மூன்று மில்லி விட்டான். அதை நடனக் கூட்டத்துக்கும் எடுத்துப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தான். கொல்லைப்புறத்தில் பத்துப் பதினைந்து பேர் சாவு வீட்டில் நிற்பது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்களாம். அன்றிலிருந்து கலக்குகிற வேலை என்னுடையது.

நான் எதையும் செய்தால் ஒழுங்காகச் செய்வேன். கிளிசரின் புட்டியைச் சுடுதண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைத்தால்தான் அது சிரிஞ்சுக்குள் ஏறும். ஒவ்வொரு சாற்றுக்கும் தனிச் சிரிஞ்ச். தராசு பக்கத்தில் இருந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், பூனையை வெளியே தள்ள வேண்டும், டெஸ்ஸைப் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். அவன் சிரித்தாலே முள் ஆடும். எல்லாவற்றையும்விட முக்கியம் ஊசி முனையில் நிற்கும் காற்று. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, அந்தக் குமிழியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது ஜூஸை அல்ல, காற்றை. இதை நெவிலுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நெவில் யாரென்று பிறகு வருகிறது.

டெஸ்ஸின் அளவு பன்னிரண்டு. அதாவது ஒரு மில்லி ஜூஸில் பன்னிரண்டு மில்லிகிராம் நிகோடின். கஸ்டர்ட் வாசனை. கலந்து முடித்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு அலமாரியில், அவனுடைய நடன ஷூக்களுக்குப் பக்கத்தில், புட்டிகளை ஊற வைப்பேன். ஊறினால்தான் கஸ்டர்ட் கஸ்டர்டாக இருக்கும்.

நடன ஷூ என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். நீங்கள் லண்டன் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. எங்கள் ஊர் பர்ஸ்லத்தில் பேரன் பேத்தி எடுத்த ஆண்கள்கூட சனிக்கிழமை சாயங்காலமானால் அகலக் கால்சட்டை போட்டுக்கொண்டு, மண்டபத்துத் தரையில் முகப்பவுடரைத் தூவி, பழைய அமெரிக்கச் சோல் பாட்டுக்குப் பம்பரம் போல் சுற்றுவார்கள். டெஸ் நன்றாகவே சுற்றுவான். அவனோடு சேர்ந்து சுற்றுகிறவள் பெயர் லினெட். விடிந்த பிறகு ஷூவில் பவுடரோடு வீட்டுக்கு வந்து, ஓட்கேக் என்கிற ஓட்ஸ் தோசையில் பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டித் தின்றுவிட்டு மத்தியானம் வரை தூங்குவான். நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆண், பெண், பால்காரன், போஸ்ட்மேன் எல்லோரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவோம். ஆமாம், வாத்துதான். அதில் கிண்டல் கிடையாது, பிரியம்தான். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அங்கே ஏதோ வம்பு என்று அர்த்தம். டெஸ் கல்யாணமான நாளிலிருந்து என்னை டக் என்றுதான் கூப்பிட்டு வந்தான். கேனர் என்ற என் பெயர் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

அவன் விழுந்தது நடனத்தில் இல்லை. ஓட்கேக் கடை வாசற்படியில். கணுக்கால் சுக்குநூறு, கையிலிருந்த பொட்டலத்துக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. எலும்பு டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமாகச் சொன்னார். எலும்பை ஒட்டவைத்துத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். ஆனால் எந்த உருவத்திலும் நிகோடின் கூடாது. இருந்தால் எலும்பு ஒட்டாது, புண் ஆறாது, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார். அதை ஓர் எழுத்து விடாமல் படித்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியதே நான்தான். தெரியாது என்று நான் சொல்லவே இல்லை, கவனியுங்கள்.

"ஒரேயடியா விட முடியாது டக்" என்றான் டெஸ். "பன்னெண்டு, ஒம்போது, ஆறு, மூணு, அப்புறம் சைபர். படிப்படியா எறக்கு. உன் கையில இருக்கு என் காலு."

சரி என்றேன். ஒன்பதுக்கு உண்மையாகவே இறக்கினேன். அந்த வாரத்தில் அவனோடு யாராலும் குடியிருந்திருக்க முடியாது. தட்டு உடைந்தது, பூனை வீட்டைவிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டில் தஞ்சம் புகுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தாங்க முடியாத நேரமெல்லாம் அவன் லினெட்டுக்குப் போன் போட்டான். நான் அதே சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, "கால் மட்டும் கூடட்டும், புது வருஷத்துக்கு முன்ன தரையில நிப்பேன் பாரு" என்பான். அந்தக் காலை வைத்துத்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். என்னை வைத்து இல்லை.

அடுத்த புட்டியில் ஒன்பது என்று எழுதி ஒட்டிவிட்டுப் பன்னிரண்டு கலந்தேன். வீடு அமைதியாயிற்று. பிறகு ஆறு என்று எழுதினேன், மூன்று என்று எழுதினேன், கடைசியில் சைபர் என்று அழகான எழுத்தில் எழுதினேன். உள்ளே எப்போதும் பன்னிரண்டு. ஒரு சொட்டும் கூட்டவில்லை. அவன் வழக்கமாகக் குடித்ததைத்தான் குடித்தான். இதில் விஷம் வைத்தேன் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் பேச்சு.

டெஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மன உறுதியைப் பற்றி ஒரு பிரசங்கம். "எல்லாம் மண்டையிலதான் இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பான். நெவில் அவனைப் பார்த்து இரண்டு நாள் தானும் விட்டுப் பார்த்து, முடியாமல் வெட்கப்பட்டான். சாமான்கள் வாங்குகிற வேப் கடை நெவிலுடையது. டெஸ்ஸின் பால்ய சிநேகிதன். கையெல்லாம் கட்டை விரல், எதையும் நிதானமாகப் பிடித்து அளக்கத் தெரியாது.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவன் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து நான் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சனிக்கிழமையும் பார்ப்பான். "உன் கை என்னா நெதானம் டக்" என்பான். அவன் என் கையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அறுவை முடிந்தது. எலும்பு கூடவில்லை. டாக்டரம்மா இரண்டாவது அறுவைக்கு முன் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார். நிகோடின் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. நல்ல குடும்பத்துப் பெண். "மிஸ்டர் ஷெல்டன், எங்ககிட்ட நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இப்படியே இருந்தா நான் அந்தக் கால்ல கத்தி வைக்க மாட்டேன்" என்றார். டெஸ் தன் அம்மாவின் மேல் சத்தியம் செய்தான். நர்ஸ் கூரையைப் பார்த்தாள். சத்தியம் செய்கிற ஆட்களை அவள் தினமும் பார்க்கிறவள்.

காரில் வரும்போது டெஸ் அழுதான். "நான் பைத்தியமா டக்? தூக்கத்துல எந்திரிச்சு யார் சிகரெட்டையாவது இழுக்கிறேனா?" என்று கேட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் நம்புகிறேன், உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் நான் நம்புகிறேன் என்றேன். அது பொய் இல்லை. அவன் விட்டுவிட்டதாக நினைக்கிறான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்போது நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யோசித்தேன். வெறும் கிளிசரினைக் குவளையில் சூடு பண்ணிவைத்துக்கொண்டு யோசித்தேன். நிகோடின் இல்லாத டெஸ் நடக்கிற டெஸ். நடக்கிற டெஸ் எங்கே நடப்பான் என்பதும் எனக்குத் தெரியும். குளிர்பெட்டிக் கதவில் இருந்த பிரசுரத்தை இன்னொரு தடவை படித்தேன். பிறகு பன்னிரண்டு கலந்தேன்.

புண்ணில் சீழ் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதை விரிவாகச் சொல்லப் போவதில்லை, உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் வருகிறது. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடன ஷூவில் அந்தக் காலுக்கு உரியதை மட்டும், பழைய சாமான்களைத் தானமாக வாங்கிக்கொள்ளும் தருமக் கடைக்குக் கொண்டுபோனேன். ஒற்றை ஷூ எடுக்க மாட்டார்களாம். வீட்டுக்கு வந்து இன்னொன்றையும் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

டெஸ் வீடு திரும்பியதும் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தான். கால் போனது போகட்டும், நான் பொய்யன் இல்லை என்று அந்த நர்ஸுக்குக் காட்ட வேண்டும். நெவிலைக் கூப்பிட்டு, என் ஜூஸைச் சோதித்து எழுதிக் கொடு என்றான். நெவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதனைப் பெட்டியோடு வந்தான். துணைக்கு லினெட்டும் வந்தாள். நான் அவளுக்கும் தேநீர் கொடுத்தேன்.

அந்தச் சோதனை சின்னக் குழந்தைகூடச் செய்யலாம். குப்பியில் ஒரு மில்லி ஜூஸை விட்டுச் சாயத்தைக் கலக்க வேண்டும். நிகோடின் இருந்தால் நீலமாக நிற்கும். சிரிஞ்சிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் மஞ்சளாக மாறும். எவ்வளவு அமிலம் போயிற்றோ அதுதான் நிகோடினின் அளவு. நிகோடினே இல்லையென்றால் முதல் சொட்டிலேயே மஞ்சள்.

முதல் சொட்டில் மஞ்சளாகவில்லை. நெவிலின் முகம்தான் வெளுத்தது. சொட்டு விட்டுக்கொண்டே போனான். டெஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கடைசியில் மஞ்சளானதும் நெவில் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, "பதிமூணு" என்றான்.

நான் மாட்டிக்கொண்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நெவில் தலையில் கைவைத்துக்கொண்டு, மொத்த வியாபாரி கிளிசரினிலேயே நிகோடினைக் கலந்து அனுப்பிவிட்டான், என் கடைச் சரக்கு உன் காலைத் தின்றுவிட்டது என்று புலம்ப ஆரம்பித்தான். லினெட் அவன் முதுகைத் தடவினாள். டெஸ் கண்ணீரோடு சிரித்தான். நான் பொய் சொல்லலை, நான் பொய் சொல்லலை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு கோப்பைகளைக் கழுவியிருந்தால் இப்போது நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பதின்மூன்று என்றானே.

"பன்னெண்டு" என்றேன். "ஊசி முனையில காத்து நின்னுது. அதயும் சேத்து எண்ணிட்ட."

"இல்ல டக், நல்லாப் பாத்துட்டேன், பதிமூணு."

"பன்னெண்டுதான் நெவில். கலந்தவளுக்குத் தெரியாதா?"

நெவில் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். லினெட்தான் முதலில் புரிந்துகொண்டு எழுந்து நின்றாள். டெஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். பிறகு, "கேனர்" என்றான். அவ்வளவுதான். என் பெயர் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

சக்கர நாற்காலியை அவர்கள் இருவருமாக வாசற்படி தாண்டித் தூக்கிப் போனார்கள். இப்போது லினெட் வீட்டில் இருக்கிறான். உண்மையாகவே நிகோடினை விட்டுவிட்டானாம், படாத பாடு படுகிறானாம். படட்டும், இரண்டு வாரம் தாங்குவான். பிறகு ஜூஸ் வேண்டுமென்பான். லினெட் துளி எண்ணி ஊற்றுகிறவள். அவன் என்னிடம்தான் வருவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதுவரைக்கும் அந்த அலமாரியில் ஊறுகிற புட்டிகளை உங்கள் ஆட்கள் அசைக்காமல் இருந்தால் நல்லது.

சரி, அந்த வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், கால் போகும் என்று படித்துவிட்டுத்தான் செய்தேன். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது வரியில் 'ஏறக்குறைய பன்னிரண்டு' என்று இருக்கிறதே, அந்த 'ஏறக்குறைய'வை மட்டும் அடித்துவிடுங்கள். என் புருஷனுக்கு நான் எதையும் ஏனோதானோவென்று கொடுத்ததில்லை.